சோதனை நினைவு

மறதி நோய் வந்த பிறகு அன்னபாக்கியத்தின் அன்றாட நினைவுகளைக் காதுக்குப் பின்னால் பொருத்திய கருவிதான் சேமித்துவந்தது. தன்னில் எழுத முடிகிறதா என்று பார்க்க, அது தினமும் காலையில் ஒரு சின்ன நினைவை எழுதி உடனே அழித்துவிடும். அதற்காகக் கணவர் செல்வநாயகம் கொடுத்திருந்தது, கல்யாணமான புதிதில் பாம்பன் பாலத்தில் போன ரயில் பயணம்.

கண் விழித்ததும் அவள், “ஏங்க, கடல் தெரியுதா?” என்று கேட்பாள். அடுத்த நொடி மறந்துவிடுவாள். அந்த ஒரு நொடிக்காகவே அவர் முன்னதாக எழுந்து காத்திருப்பார்.

“இந்தக் கருவி பழசாயிடுச்சு, நின்னுட்டா அன்னைக்கு முழுக்க அம்மாவுக்கு ஒண்ணுமே தங்காது சார். மாத்திடலாம். புதுக் கருவிக்கு இந்தக் காலைச் சோதனையே வேண்டாம்,” என்றார் கருவியைப் பார்க்க வந்த மும்தாஜ். செல்வநாயகம் மனமில்லாமல் சம்மதித்தார்.

மறுநாள் அன்னபாக்கியம் எதுவும் கேட்கவில்லை. தாங்க முடியாமல் அவரே பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பயணத்தைச் சொன்னார்.

சாயங்காலம் அவள் தங்கையிடம் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். “ஜன்னல்ல எட்டிப் பாத்தாருடி, மூக்குக்கண்ணாடி கடல்ல விழுந்துடுச்சு. ராமேஸ்வரம் முழுக்க நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்!”

வெட்கத்தில் கண்ணாடி விழுந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை, அன்று காலை அவளிடமும் சொல்லவில்லை, கருவிக்கும் கொடுத்ததில்லை.