சினை மாதம்

மீன்வள அலுவலகத்துக் கூட்ட அறையில், சன்னல் வெயில் விழுந்த மேசைமேல் தாள்கள் மின்விசிறிக் காற்றில் படபடக்கின்றன. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு கடிதத்தை வாசிக்கிறார். ஞாயிறுதோறும் அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து தூண்டில் போடும் தையல்காரம்மா எழுதியது அது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பிறகும் மீன்களின் வயிற்றில் சினை இருப்பதை ஆறு வருடமாகத் தேதி போட்டுக் குறித்திருக்கிறார். "ஆராய்ச்சிப் படகும் போய்ப் பாத்துச்சு. அம்மா சொன்னது சரிதான். தடையை இன்னும் ஒரு மாசம் நீட்டலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?" அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும் படகுக்காரர்களைப் பார்க்கிறார். அவர்களுக்கு அது நல்ல விலை கிடைக்கும் மாதம். அவர்களுடைய சங்கத் தலைவர் எழுந்திருக்க, நாற்காலி கிறீச்சிடுகிறது. வந்தது வம்பு என்று, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தையல்காரம்மா கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறார். தலைவர் அவர் பக்கம் திரும்புகிறார். "எங்க வலையிலயும் சினை மீனுதாம்மா வந்துச்சு. வயித்துப் பொழப்பு, நாங்க வாயத் தொறக்கல. நீங்க சொல்லிட்டீங்க. நல்லா இருக்கணும்." "தப்பா எழுதிட்டேனோன்னு பயந்துக்கிட்டே வந்தேண்ணே," என்கிறார் தையல்காரம்மா. தலைவர் உட்காராமலே கையை உயர்த்துகிறார். அவருக்குப் பின்னால், வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள் ஒவ்வொன்றாய் எழுகின்றன. அதிகாரி எண்ணத் தொடங்குகிறார். தையல்காரம்மாவின் கைதான் கடைசி. கண்ணைத் துடைத்துவிட்டு எழ அதற்குக் கொஞ்சம் நேரமாகிறது.