ஊமை நாடு

"நார்வேக்கு என்ன பேரு வைக்கப் போறிய, விக்டரண்ணே?"

கேட்டவன் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் தேவபிரசாதம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம் அது. எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் அந்த நாட்டுக்கு ஒரு பட்டப்பேர் வைக்காவிட்டால், உப்பு ஏற்றும் கேங்கின் மேஸ்திரி விக்டருக்குச் சோறு இறங்காது.

ஜப்பான்காரர்கள் ஏணியில் ஏறினாலும் குனிந்தார்கள், இறங்கினாலும் குனிந்தார்கள். ஜப்பான் 'கும்பிடு நாடு' ஆயிற்று. கிரீஸ் கப்பல் சமையல்காரன் பச்சை வெங்காயத்தைக் கொய்யாப்பழம் மாதிரி கடித்துத் தின்றான். கிரீஸ் 'வெங்காய நாடு'. விக்டர் வாயிலிருந்து விழுந்தால் போதும், மறுநாள் துறைமுகம் முழுக்க அதே பேர்தான்.

"நார்வேய 'நள்ளிரவுச் சூரியன் நாடு'ம்பாங்கண்ணே. அங்கன கோடையில ராத்திரியும் வெயிலடிக்குமாம். பொஸ்தகத்துல போட்டிருக்கு."

"அத நீ பாத்தியா, நான் பாத்தேனா? பேருன்னா கண்ணால பாத்து, காதால கேட்டு வைக்கணும்லே. ஞாயித்துக்கிழம நார்வேக் கப்பல் கெளம்புதுல்லா? சங்கு ஊதுவான் பாரு! கோயில் கண்ணாடியெல்லாம் கிடுகிடுன்னு ஆடும். 'சங்கு நாடு'ன்னு வைக்கப் போறேன்!"

கேங்கில் ஒரே சிரிப்பு.

"நம்ம கேங்குப் பேச்சிமுத்து இருந்தா இந்நேரம் ஊதியே காட்டியிருப்பான்" என்றான் ஒருவன்.

"அந்தப் பயலா? சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டுட்டு, குலசை தசராவுக்கு வேசம் கட்டப் போயிருப்பான். வரட்டும், வச்சிக்கிடுதேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் விக்டரின் தெருவே கிளம்பி வந்துவிட்டது. மனைவி ஜெபசெல்வி கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள். கடற்கரையோரச் சின்ன ஆஸ்பத்திரியின் பின்பக்க மணல்மேட்டில் ஏறினால் கப்பல் முழுசாகத் தெரியும். கூட்டம் அங்கே கூடியது. சுண்டல்காரர் கூட வந்துவிட்டார்.

"காதப் பொத்திக்கிடுங்க! பிள்ளையளக் கெட்டியா பிடிச்சிக்கிடுங்க! மூணு தடவ ஊதுவான்!" விக்டர் கையை வீசிக் கத்தினார்.

எல்லோரும் காதைப் பொத்தினார்கள். ஊதாத சங்குக்கே ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது.

கப்பல் அசைந்தது. இழுவைப் படகு இழுக்க இழுக்க, மெல்லத் திரும்பியது. இதோ ஊதப் போகிறான்... இதோ...

சத்தமே இல்லை.

மேல்தட்டில் மாலுமிகள் வரிசையாக நின்றார்கள். ஒருவன் கூட வாயைத் திறக்கவில்லை. கேப்டன் மட்டும் கரையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போயே போய்விட்டது.

"என்னண்ணே, சங்குக்குத் தொண்ட கட்டிக்கிட்டோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெபசெல்வி கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். விக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"திமிருவே! வந்தப்ப ஆட்டமும் பாட்டுமா இருந்த பயலுவ, இப்ப கொஞ்ச நாளா ரேடியோ கிடையாது, சுத்தியல் சத்தம் கிடையாது, ஒரு வார்த்த பேச்சு கிடையாது. நமக்கு ஒரு சங்கு ஊதினா என்ன கொறஞ்சா போவான்? ஏலே, பேரு கெடச்சிட்டு! ஊமை நாடு!"

"ஊமை நாடு! ஊமை நாடு!"

ஏமாந்த கூட்டத்துக்கு அதுவே திருவிழாவாகிவிட்டது. விசில் பறந்தது. பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு தகர டின்னைப் பிடித்துத் தட்ட ஆரம்பித்தார்கள். விக்டர் எல்லோரையும் விட உரக்கக் கத்தினார்.

ஆஸ்பத்திரியின் பின்கதவு திறந்தது. ஒரு நர்ஸம்மா செருப்பில்லாமல் மணலில் ஓடி வந்தாள். கிட்டே வந்து, கிசுகிசுக்கிற குரலில் சொன்னாள்:

"கையெடுத்துக் கும்பிடுதேன், சத்தம் போடாதிய!"

"ஏன் சிஸ்டர்?"

"உள்ள ரணஜன்னி, டெட்டனஸ் கேஸ் ஒண்ணு கிடக்கு. ஆணி குத்தின காலக் கவனிக்காம விட்டிருக்காரு. தாடை பூட்டிக்கிட்டு. கதவ டப்புன்னு சாத்தினாலே உடம்பு வில்லா வளைஞ்சு வெட்டுது. அதுக்குத்தான் டாக்டர் கேட்டுக்கிட்டாருன்னு அந்தக் கேப்டனே சங்கு ஊதாம போறாரு. நீங்க இப்படிக் கத்துதியளே!"

தகர டின் நின்றது. கூட்டம் கப்சிப்.

விக்டரின் குரலும் தானாக இறங்கியது. "யாரு சிஸ்டர் அது? துறைமுகத்து ஆளா?"

"வாயத் திறந்தாத்தான எந்த ஊரு, யாருக்குச் சொந்தம்னு தெரியும்? கையில பேச்சிமுத்துன்னு பச்ச குத்தியிருக்கு."

விக்டர் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓரடி வைத்தார். ஜெபசெல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொ... பொழச்சிக்கிடுவானா?"

"பொழச்சிக்கிடுவாருன்னுதான் டாக்டர் சொல்லுதாரு. வேல முடிஞ்சு எல்லாரும் எறங்கிப் போன பொறவு, கப்பல் அடித்தட்டுல சுருண்டு கிடந்திருக்காரு. நார்வேக்காரங்கதான் தூக்கிட்டு வந்து போட்டாங்க. தினமும் வாசல்ல வந்து நின்னு, எப்படியிருக்குன்னு சைகையிலயே கேட்டுட்டுப் போனதும் அவங்க மட்டுந்தான்."

திரும்பி நடந்தவள், நின்று விக்டரைப் பார்த்தாள்.

"நாதியத்தவருன்னுல்லா நெனச்சோம். நீங்க அவருக்குத் தெரிஞ்சவங்களா, அண்ணாச்சி?"