ஜன்னல் சீட்

தளேகாவில் புனே லோக்கல் ரயில் கிளம்பியபோது லேடீஸ் பெட்டியில் கோதை ஒருத்திதான் இருந்தாள். அப்போது ஃபோன் அதிர்ந்தது.

அந்தப் பெட்டிப் பெண்கள் அரட்டைக்கென்று ஓர் ஆப் வைத்திருந்தார்கள். நெட் வேண்டாம், ப்ளூடூத் போதும். அனுப்புவது யாரென்று தெரியாது. பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே எட்டும். எல்லாம் மராத்தியில்தான் வரும். இது தமிழில் வந்திருந்தது.

"அது என் ஜன்னல் சீட். நகரு."

காலி பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள் கோதை. ஆபீஸில் மேசையை விட்டுக்கொடுத்தாயிற்று. கொழுந்தன் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் அறையையும் விட்டுக்கொடுத்தாயிற்று. இதையுமா?

"நகர மாட்டேன். வேணும்னா பக்கத்துல உக்காரு" என்று அனுப்பிவிட்டு ஃபோனை மடியில் கவிழ்த்தாள்.

தேஹு ரோடில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. எல்லா இடமும் நிரம்பியது. கோதையின் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. டிபன் பையோடு வந்த ஒருத்தி அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "தாயீ, தோடா சர்கா" என்று தள்ளி உட்காரச் சொன்னாள். சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு முகம் சுண்டிப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோதை ஃபோனைத் திருப்பினாள். தமிழில் இன்னொன்று வந்திருந்தது.

"நானும் நகர மாட்டேன்னுட்டேன்."