திரும்பி வராத கதைகள்

"உனக்கென்ன, உன் கதையை எவன் திருப்பி அனுப்புவான்?"

வங்கியில் பக்கத்து மேஜைக்காரி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளும் கதை எழுதுகிறவள். அனுப்பிய கதையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு.

ஆனால் அதைக் காதில் வாங்கியவளுக்குச் சுருக்கென்றது.

தாத்தா பெரிய நாவலாசிரியர். அம்மா அவரைவிடப் பெரிய சிறுகதைக்காரி. இவளுடைய முதல் கதையைப் போட்டபோதே பத்திரிகையில் 'எழுத்துக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். வங்கியில் அதைச் சுருக்கி 'மூணாவது' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மூணாவது யோசித்துப் பார்த்தாள். தாத்தாவின் கதைகள்கூடத் திரும்பி வந்திருக்கின்றன. அம்மாவின் கதைகளும்தான். தன்னுடையது மட்டும் ஒன்றுகூட ஏன் திரும்பி வரவில்லை?

அன்றிலிருந்து அம்மாவின் மேல் ஒரு கண் வைத்தாள்.

"இந்த மாசம் என் கதை வந்திருக்கும்மா. படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்படி இருந்தது?"

"அதான் வந்துடுச்சே, அப்புறம் என்ன?" அம்மா துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் பேர் தெரியாதவன் எழுதிய கதைக்கெல்லாம் அரை மணி நேரம் அபிப்பிராயம் சொல்கிற அம்மா, பெற்ற மகள் கதைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இதில் ஏதோ இருக்கிறது.

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன் வந்தால், அம்மா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் கதவில் காதை வைத்தாள் மூணாவது. "நான் சொன்னது அவளுக்குத் தெரியவே கூடாது" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சிபாரிசேதான்" என்றாள் மறுநாள் மேஜைக்காரியிடம்.

"நேரா கேட்டுடேன்."

"கேட்டா ஒத்துப்பாங்களா? கையும் களவுமா பிடிக்கணும்."

யாரும் கேள்விப்படாத ஒரு புனைபெயரில் அதே பத்திரிகைக்குக் கதை அனுப்புவது என்று முடிவு செய்தாள். திரும்பி வந்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். அதற்கப்புறம் எழுதுவதையே விட்டுவிடுவது என்றும் மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டாள்.

எப்படியும் திரும்பி வரப்போகிற கதை, அதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும்? பல் டாக்டரிடம் காத்திருக்கும் ஒருத்தி, தன் முறை வந்ததும் எழுந்து ஓடிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. வர்ணனை கிடையாது, தத்துவம் கிடையாது. ஒரே மூச்சில் எழுதி, மறுபடி படித்துக்கூடப் பார்க்காமல், வீட்டு பிரிண்டரில் அடித்து, மேஜைக்காரியின் முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து மேஜைக்காரி ஓடி வந்தாள்.

"உன் பல் டாக்டர் கதையை எடுத்துக்கிட்டாங்கடி. அடுத்த இதழ்ல வருதாம். இனிமேலாவது நிம்மதியா இரு."

மூணாவதின் முகம் இறுகியது.

"அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. ஆசிரியர் கதையை அவங்ககிட்ட காட்டியிருப்பார். வீட்டு பிரிண்டர்ல ஓரத்துல ஒரு கோடு விழும். அதை வெச்சே கண்டுபிடிச்சிருப்பாங்க."

"உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு" என்றாள் மேஜைக்காரி.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மூணாவது நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

"அந்தப் பல் டாக்டர் கதை நான் எழுதினது சார்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க."

"சத்தியமா தெரியாதும்மா. எனக்கும் தெரியாது, உங்க அம்மாவுக்கும் தெரியாது."

"அம்மா எங்க சார் வந்தாங்க இதுல?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். திருத்திக்கொண்டிருந்த தாளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"இங்க வர்ற கதையை எல்லாம் முதல்ல படிக்கிறது உங்க அம்மாதான். ரொம்ப வருஷமா. வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்காங்க."

நினைத்தது சரியாகிவிட்டது. ஆனால் சந்தோஷமாக இல்லை.

"ஆக, என் கதை எதுவுமே கதைக்காக வரலை. எல்லாம் எங்கம்மா போட்ட பிச்சை."

"அவசரப்படாதே. இந்தக் கதையைப் படிச்சுட்டு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'யாரோ புதுப் பொண்ணு. அங்கங்க தப்பு பண்றா, பண்ணட்டும். யாருக்கும் பயப்படாம எழுதறா. ஒரு வார்த்தைகூட மாத்தாம போடுங்க, இவளை விட்டுடாதீங்க'ன்னாங்க."

"யாரோ ஒருத்திக்குப் பாராட்டு, எனக்கு மட்டும் சிபாரிசா?"

ஆசிரியர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார்.

"உங்க அம்மா எங்க சிபாரிசு பண்ணினாங்க? உன் பேர்ல வந்த ஒவ்வொரு கதைக்கும் 'இதுல அவ இல்லை, திருப்பி அனுப்புங்க'ன்னு போன்ல சண்டை போட்டாங்க. மூன்றாம் தலைமுறைன்னு போட்டா பத்திரிகை விக்குதேன்னு, நான்தான் கேட்காம போட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் மூணாவது.

"உன் கதைகள்ல உங்க அம்மா போடச் சொன்னது இது ஒண்ணுதாம்மா."