தள்ளாமல்

துறைச் சரிவின் நடுவில் காரின் எஞ்சின் நின்றது.

பிறேக்கை மிதித்தாள். கடலைக் கடக்கும்போது அடித்த அலையில் நனைந்திருந்த பிறேக். பிடிக்கவில்லை.

கார் மெல்லப் பின்னால் உருண்டது.

பின்னால் கடல். அவர்களை அக்கரையிலிருந்து ஏற்றிவந்து இறக்கிவிட்ட பாதை என்கிற மிதவை, கயிற்றை அவிழ்த்து மிதந்து விலகிக்கொண்டிருந்தது.

"தள்ளுங்கோடா!" என்றார் யாரோ.

கரையில் நின்ற எல்லோரும் ஓடி வந்தார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஒருவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருவர். நின்றுபோன வண்டியைத் தள்ள அந்தக் கரையில் யாரையும் கேட்கத் தேவையில்லை.

"ஒருத்தரும் தொடாதேங்கோ!"

கத்தியது தான்தான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. பூசையில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிறவள்.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

பக்கத்து இருக்கையில் அண்ணா சிரித்தான். "விடுங்கோடா, பந்தயம். ஆர் தொட்டாலும் இவள் தோத்தாள்."

அக்கரையிலிருக்கும் காரைநகருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். வழியில் ஒருவர் கையும் காரில் படக்கூடாது. வந்து சேர்ந்தால் வீட்டு வளவிலுள்ள கொட்டகை அவளுக்கு. தள்ள நேர்ந்தால் கொட்டகை அவனுடைய நண்டுப் பெட்டிகளுக்கு, கார் குருநாகலிலிருந்து விலை கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கு. காலையில் அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

"என்ன கிளமென்ற், தங்கச்சீன்ர ஆமை திரும்பிக் கடலுக்குப் போகுதோ?" என்றார் மீன்கூடைக்காரர்.

ஆமைதான். ஜப்பானில் யாரோ ஒடுங்கிய தெருக்களுக்கென்று செய்த கார். பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சுவரைதான் அதன் கூரை. இரண்டே சிலிண்டர். எஞ்சின் பின்னிருக்கைக்கும் பின்னால். அதற்குள் கோழி அடைகிடந்த காலத்தில் அவள்தான் கழற்றத் தொடங்கினாள். கார்பரேற்றரின் நுண்துளைகளைப் பாடகர் குழுவின் கிற்றார்க் கம்பியால் குத்தித் திறந்தாள். பெற்றோலோடு கலக்கும் ஒயிலின் வாசம் அவள் விரல்களை விட்டுப் போகவேயில்லை. கோயிலில் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கார் உருண்டது.

முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டாள். கியராவது பிடித்து நிறுத்தட்டும்.

எஞ்சின் எழும்பியது.

நீலப் புகை. கரையில் ஆரவாரம்.

அடுத்த கணம் கார் கடலை நோக்கிப் பாய்ந்தது.

"எடியே, முன்னுக்குப் போடடி!"

"முன்னுக்குத்தான் அண்ணா கிடக்கு!"

கிளச்சை அழுத்தினாள். பிறேக்கை மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். மெல்ல மெல்லப் பிடித்தது. பின்சில்லுகளை ஓர் அலை தொட்டுவிட்டுப் போனது.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் வேறு. இருமலோடு, நொண்டி நொண்டி.

அவள் காதுகொடுத்துக் கேட்டாள்.

பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் இந்த வகை எஞ்சினுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். எந்தப் பக்கம் சுழற்றி எழுப்பினாலும் அந்தப் பக்கமே ஓடும். படித்திருந்தாள். கண்டதில்லை. பின்னால் உருண்ட காரில் கிளச்சை விட்டு அவளே அதைத் தலைகீழாக எழுப்பிவிட்டிருந்தாள். இப்போது முன் கியர் பின்னால் இழுக்கிறது.

அப்படியென்றால்.

"அண்ணா, ஹான்ட்பிறேக்கை இழுத்துப் பிடியுங்கோ."

இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தான்.

அவள் றிவேர்ஸ் கியரைப் போட்டாள்.

"உனக்கென்ன விசரே? பின்னால கடலடி!"

"இப்ப விடுங்கோ."

"மாதாவே" என்றபடி பிடியை விட்டான்.

கார் முன்னே போனது.

மெதுவாக. இருமிக்கொண்டு. சரிவில் ஏறியது. இரண்டு பக்கமும் ஆட்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார்கள், பெருநாளில் ஊர்வலம் வரும் மாதா சுருவத்தோடு நடப்பதுபோல.

மேட்டில் ஏறி நின்றது.

"ஒருத்தரும் கை வைக்கேல்லை, கிளமென்ற்," என்றார் மீன்கூடைக்காரர். "நாங்கள் சாட்சி."

வீட்டுக்கு இன்னும் ஒரு மைல். இப்படியே போக முடியாது. எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியும் தலைகீழாகத்தான் சுழல்கிறது. கோயிலடி தாண்டுவதற்குள் எஞ்சின் வெந்துவிடும். நிறுத்தி, சரியான பக்கம் எழுப்ப வேண்டும். எழும்பாவிட்டால், தள்ளச் சுற்றிலும் அத்தனை கைகள்.

சாவியைப் பிடித்தாள்.

அவள் கைமேல் அவன் கை விழுந்தது.

"நிப்பாட்டாதை." குரல் தாழ்ந்திருந்தது. "பிறகு ஸ்ராட் வராட்டி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இது எங்கே நிற்கும் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவன். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

"வரும்," என்றாள். நிறுத்தினாள்.

கடலின் சத்தம் மட்டும் கேட்டது.

கட்டிய கைகளை யாரும் அவிழ்க்கவில்லை.

"நீங்கள் திருப்புங்கோ, அண்ணா."

அவன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான். போதவில்லை. இன்னொரு முறை துடைத்தான்.

பிறகு, சாவியை நோக்கிச் சாய்ந்தான்.