பிரெஞ்சில் இருந்த கேட்லாக்

அமெரிக்காவின் வெர்மான்டில், மேப்பிள் மரச்சாறு பாகாகக் கொதிக்கும் கொட்டகை. ஆவி கூரைவரை நிற்கிறது. சொலாஞ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை ஒரு குழாய்மூக்கின்மேல் சாய்த்து வைக்கிறாள். மரத்திலிருந்து சாறு இறக்க அவளே செய்து விற்கும் மூக்கு. அது தங்கள் கண்டுபிடிப்பு, இனி நீ செய்யக்கூடாது என்கிறது ஒரு பெரிய கம்பெனி. கம்பெனி வாங்கியிருக்கும் காப்புரிமையை மறுபடி ஆராயச் சொல்லி அவள் போட்ட மனு, குறை இருக்கிறதென்று நின்றுபோயிருக்கிறது. காப்புரிமை அலுவலகத்திலிருந்து ப்ரூயிட் பேசுகிறார். “பயப்படாதீங்கம்மா, தள்ளுபடி பண்ணல. அவங்களுக்கு முன்னாடியே இதே மூக்கு படம்போட்டு வந்த பழைய கியூபெக் கேட்லாக் ஆதாரமா வெச்சிருக்கீங்களே, அது பிரெஞ்சுல இருக்கு. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு எங்க?” சொலாஞ் தலையில் அடித்துக்கொள்கிறாள். “ஐயோ சார், எங்க வீட்டுப் பேச்சே பிரெஞ்சுதான். அது வேற பாஷைன்னே எனக்குத் தோணல!”

கைபேசிக்குள் சிரிப்பு உருள்கிறது. ஜன்னல் வெயில் பாகுக்குள் பொன்னாய் இறங்குகிறது. அவள் ஒரு காலிப் புட்டியை எடுக்கிறாள். “கூப்பிட்டுச் சொன்னீங்களே சார். ஒரு புட்டி பாகு அனுப்பட்டுமா?”

“ஐயையோ, நாங்க எதுவும் வாங்கக்கூடாதும்மா. மொழிபெயர்ப்பை மட்டும் சீக்கிரம் அனுப்புங்க. படத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கேன், கீழ என்ன எழுதியிருக்குன்னு தெரியாம மண்டை காயுது.”