ஆயில் குடிக்கும் ஆட்டோ

"இப்பெல்லாம் எவன் பேச்சையும் நம்ப முடியல" என்று, வீட்டுக்கு வரவழைத்த மெக்கானிக் வரதனிடம் எகிறினார் ஆட்டோக்காரர் சம்பந்தம். "சிந்தெடிக் ஆயிலுக்கு மாத்துன்னு சொன்ன. வண்டி குடிச்சிக்கினே இருக்குது. இன்ஜினைப் பிரிச்சா என் பொழப்பு என்னாவறது?"

"குறைஞ்சா யாருபா ஊத்துறது?"

"எனக்குக் குனிய முடியல. வீட்டுக்காரிதான் தினம் ஊத்துறா. நீ குடுத்த டப்பாவே காலி."

வரதன் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். "பெரியவரே, ஆயில் நிறைய இருக்குது!"

உள்ளே தறியில் இருந்த அவர் மனைவி காந்தா எட்டிப் பார்த்தாள். "வண்டியில எங்க குறைஞ்சுது? ஊத்து ஊத்துன்னு உசுரை எடுத்தா நான் என்னா பண்றது? கீச்சு கீச்சுன்னு கத்திக்கினு இருந்த தறிக்கு ஊத்தினேன். இப்ப சத்தமே இல்ல பாரு."

சம்பந்தம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பழைய ஆயில் இருந்தவரைக்கும் இவ தொட்டதே இல்ல. அப்போ கோளாறு உன் ஆயில்லதான்" என்றபடி தெருவில் இறங்கி நடந்தார்.